கனத்த டிரெய்லரை இழுக்கும் பழைய பிக்கப் வண்டியில் எரிபொருளை மிச்சப்படுத்துவது எப்படி?

பழைய பிக்கப் வண்டியின் பின்னால் இரண்டரை டன் டிரெய்லரைப் பூட்டி நெடுஞ்சாலையில் முதல்முறை ஓட்டியவர், டேங்க் இவ்வளவு சீக்கிரம் காலியாவதைப் பார்த்துத் திகைப்பது இயல்பு. வெறும் வண்டியாக ஓடும்போது கிடைக்கும் மைலேஜில் பாதியளவே கனத்த டிரெய்லரோடு கிடைத்தால் அது பெரும்பாலும் கோளாறு அல்ல. உயரமான பெட்டி டிரெய்லராக இருந்தால் அதற்கும் கீழே இறங்கலாம். ஆனால் அந்தச் செலவுக்குள்ளேயே பழுதாலும் கவனக்குறைவாலும் வேகத்தாலும் வீணாகும் பங்கு ஒன்று உண்டு. மீட்கக்கூடியது அந்தப் பங்கு மட்டுமே. அதை எந்த வரிசையில் தேடுவது, எதற்குப் பணம் செலவிடுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதை, இப்போதுதான் டிரெய்லர் இழுக்கத் தொடங்கியிருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் அளவெடுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன், வண்டி இப்போது எவ்வளவு குடிக்கிறது என்பது எண்ணாகத் தெரிந்திருக்க வேண்டும். டேங்கை நிரப்பும்போது பம்ப் தானாக நின்றதும் அத்தோடு விட்டுவிட்டு, ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை முடிந்தவரை அதே நிலையத்தில், அதே பம்ப்பில், அதேபோல் தானாக நிற்கும்வரை நிரப்பி, ஊற்றிய லிட்டரையும் ஓடிய தூரத்தையும் வைத்துக் கணக்கிடுங்கள். எதிர்க்காற்றும் போக்குவரத்து நெரிசலும் ஒரு டேங்கின் கணக்கை எளிதில் புரட்டிவிடும் என்பதால், மூன்று டேங்கின் சராசரிக்குக் குறைந்த எதையும் நான் நம்புவதில்லை. வண்டியோடு வந்த அளவைவிடப் பெரிய டயர் மாட்டியிருந்தால் ஓடோமீட்டர் தூரத்தைக் குறைத்தே எண்ணும். டயரின் விட்டம் 5 சதவீதம் கூடியிருந்தால் மைலேஜும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைவாகத் தெரியும். கைபேசியின் ஜிபிஎஸ்ஸோடு ஒரு 50 கிலோமீட்டரை ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தப் பிழை வெளிப்பட்டுவிடும்.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதே நம் பழக்கம் என்றாலும், இழுவை வேலைக்கு 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதிவைப்பதே நல்லது. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 12 கொடுக்கத் தொடங்கினால் 100 கிலோமீட்டருக்கு மிஞ்சுவது 1.7 லிட்டர், 4 கொடுத்த வண்டி 5 கொடுத்தால் மிஞ்சுவது முழுதாக 5 லிட்டர். பார்வைக்குச் சிறிதாகத் தெரியும் இரண்டாவது முன்னேற்றம்தான் உண்மையில் பெரியது.

வெறும் வண்டிக்கு ஒன்று, அதே சாலையில் டிரெய்லரோடு ஒன்று என இரண்டு கணக்குகள் தனித்தனியாக வேண்டும். வெறும் வண்டியின் மைலேஜே முன்பைவிடக் குறைந்திருந்தால் குறை வண்டியில் இருக்கிறது. அது சரியாக இருந்து, டிரெய்லரோடு மட்டும் அளவுக்கு மீறிச் சரிந்தால், டிரெய்லரிலோ சரக்கை ஏற்றிய விதத்திலோ கியர்பாக்ஸிலோ வேகத்திலோ தேட வேண்டும். இந்த ஒரு பிரிவினை தெரியாமல்தான் பலர் என்ஜினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் நல்ல இன்ஜெக்டர்களைக் கழற்றி மாற்றுகிறார்கள்.

இதோடு சேர்த்து எடைமேடைக்கும் ஒருமுறை போய்வாருங்கள். டிரெய்லரின் எடையை எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். வண்டி, டிரெய்லர், சரக்கு மூன்றும் சேர்ந்த எடை வண்டியின் கையேட்டில் உள்ள வரம்பைத் தாண்டியிருந்தால், எரிபொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன் சரக்கை இறக்க வேண்டும். அங்கே பிரச்சினை மைலேஜ் அல்ல, பிரேக்.

சக்கரங்கள் தடையின்றிச் சுழல்கின்றனவா?

பழைய வண்டியில் நான் முதலில் பார்ப்பது என்ஜினை அல்ல, சக்கரங்களை. டயரின் காற்றழுத்தத்தை, வண்டி சில மணி நேரமாவது நின்ற பிறகு, டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பிக்கப்பின் ஓட்டுநர் கதவு விளிம்பில் ஒட்டியிருக்கும் அட்டையில் முழுச்சுமைக்கு உரிய அழுத்தம் இருக்கும். சுமையில்லாதபோது சவாரி மென்மையாக இருக்கட்டும் என்று குறைத்துவைத்த காற்றோடு டிரெய்லரைப் பூட்டினால், பின் டயர்களின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து, எரிபொருளை வெப்பமாக மாற்றிக்கொண்டே வரும். டிரெய்லருக்கென்றே செய்யப்படும் டயர்களில் முழுச்சுமை ஏற்றும்போது பக்கச் சுவரில் அச்சிட்ட உச்ச அழுத்தம்வரை நிரப்புவதே வழக்கம். சுவரைப் படிக்கும்போது தயாரிப்புத் தேதியையும் பார்த்துவிடுங்கள்: 2319 என்று நான்கு இலக்கம் இருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டிரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன்பே முதுமையால் வெடிப்பவை.

அடுத்தது பிரேக் பிடித்தபடியே ஓடுகிறதா என்ற சோதனை. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. சமதளத்தில் 15 கிலோமீட்டர் ஓட்டி, கடைசியில் பிரேக்கை அழுத்தாமல் கியரைக் குறைத்து மெல்ல நிறுத்தி, இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் அருகேயும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். என் பழைய பிக்கப்பில் ஹேண்ட்பிரேக் கேபிளை மாற்றித் தந்த பட்டறைக்காரர் அதை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார். வண்டி ஓடத்தான் செய்தது, மைலேஜ் மட்டும் விழுந்தது. நான் வாரக்கணக்கில் டீசல் ஃபில்டரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இப்படி நிறுத்திப் பார்த்தபோது மூன்று சக்கரங்கள் இளஞ்சூடாக இருந்தன. வலது பின்சக்கரத்தின் அருகே ஒரு சாண் தூரத்துக்குள் கையைக் கொண்டுபோக முடியவில்லை, கருகிய பிரேக் லைனிங்கின் வாடையும் வந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுழற்றினால் அரைச் சுற்றுக்கூட வராமல் நின்றது. கேபிளின் நட்டை நான்கு திருகு தளர்த்தியதோடு வேலை முடிந்தது.

இந்தச் சோதனையை டிரெய்லரின் சக்கரங்களுக்கும் செய்ய வேண்டும். அங்கேதான் குற்றவாளி அதிகம் அகப்படுவான். மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் டிரெய்லரில் பிரேக் துருவேறி இறுகுவதும், பேரிங்கின் கிரீஸ் உலர்வதும் சகஜம். ஆண்டுக்கு ஒருமுறை பேரிங்குகளைக் கழற்றிக் கழுவிப் புதிய கிரீஸ் வைப்பது எரிபொருளுக்காக மட்டுமல்ல, நடுவழியில் சக்கரம் கழன்றுபோகாமல் இருக்கவும்தான். டயர் ஒரு பக்கம் மட்டும் ரம்பப் பல்போலத் தேய்ந்திருந்தால் டிரெய்லரின் அச்சு கோணலாக இருக்கிறது என்று பொருள். டிரெய்லரின் முன்முனையில் ஹிட்ச் உருண்டை (வண்டியோடு பூட்டும் இரும்புக் குண்டு) அமரும் இடத்தின் நடுவிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் அளவுநாடா பிடித்துப் பாருங்கள். இரண்டு தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். சில மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் டயர்கள் உருளாமல் உராய்ந்துகொண்டே வருகின்றன.

என்ஜினில் பார்க்க வேண்டியவை

பழைய வண்டியில் அதிகம் கவனிக்கப்படாத திருடன் தெர்மோஸ்டாட்: என்ஜின் சூடாகும்வரை, அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை ரேடியேட்டருக்குள் போகவிடாமல் மூடிவைக்கும் வால்வு. அது திறந்தபடியே பழுதாகி நின்றுவிட்டால் கூலன்ட் எப்போதும் ரேடியேட்டருக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். என்ஜின் தன் வேலைவெப்பத்தை எட்டாது. வண்டி சூடாகவில்லையே என்று ஓட்டுநர் மகிழ்ந்துகொண்டிருக்க, கணினியோ என்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நினைத்துக் கூடுதல் எரிபொருளை ஊற்றிக்கொண்டிருக்கும். பெரும்பாலான என்ஜின்களில் தெர்மோஸ்டாட் 82 முதல் 91 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கும்படி அமைந்திருக்கும். டிரெய்லர் இல்லாமல் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓடிய பிறகும் வெப்பமுள் வழக்கமான இடத்துக்குக் கீழேயே நின்றால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் இதை மாற்றுங்கள். விலை மலிவு, வேலை ஒரு மணி நேரம், பலன் நிச்சயம் என்று சொல்லக்கூடிய உதிரிபாகங்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

அமெரிக்கச் சந்தைக்கான வண்டிகளில் 1996 முதல் ஓபிடி-2 என்ற பொதுவான கண்டறியும் இணைப்பு கட்டாயமானது. பிற நாடுகளின் வண்டிகளுக்கும் சில ஆண்டுகளில் அது பரவியது. உங்கள் வண்டியில் அது இருந்தால், மலிவான ஸ்கேனர் ஒன்றைக் கைபேசியோடு இணைத்து இரண்டு எண்களைப் பாருங்கள்: கூலன்ட் வெப்பநிலை, நீண்டகால எரிபொருள் திருத்தம் (கலவையைச் சரிக்கட்டக் கணினி எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பது). பெட்ரோல் என்ஜினில் இந்தத் திருத்தம் பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும். 10 சதவீதத்தைத் தாண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும், காற்றுக் கசிவோ, அழுக்கேறிய காற்றளவு சென்சாரோ, சோர்ந்துபோன ஆக்ஸிஜன் சென்சாரோ, எரிபொருள் அழுத்தமோ காரணமாக இருக்கலாம். ஆக்ஸிஜன் சென்சார் ஒரேயடியாகச் சாகாமல், மெல்ல மெல்ல மந்தமாகும். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதால் அது நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏர் ஃபில்டரைப் பற்றிய பரவலான நம்பிக்கை ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கணினியால் இயங்கும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் என்ஜின்களில் ஃபில்டர் அடைபட்டால் முடுக்கம் குறையுமே தவிர மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவில் குறைவதில்லை. கார்புரேட்டர் வண்டியில் நிலைமை வேறு. அங்கே அடைபட்ட ஃபில்டர் கலவையை அடர்த்தியாக்கி எரிபொருளைத் தின்னும். டீசல் வண்டியில் ஃபில்டரோடு, காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாய்களையும் பாருங்கள். சுமையோடு மேடேறும்போது கரும்புகையும் சீறும் ஒலியும் சேர்ந்து வந்தால் குழாயில் வெடிப்பு இருக்க வாய்ப்பு அதிகம். காற்று வெளியே போகிறது, டீசல் மட்டும் உள்ளே போகிறது.

ஸ்பார்க் பிளக், இக்னிஷன் டைமிங் ஆகியவற்றைக் கையேட்டின்படி வைத்துக்கொண்டால் போதும். சூடானால் மட்டும் விசிறியை இறுகப் பிடித்துச் சுழற்றும் கிளட்ச் உள்ள என்ஜினானால், காலையில் முதன்முதலாகக் கிளப்பியதும் ஓரிரு நிமிடம் இரைந்துவிட்டு அடங்க வேண்டிய விசிறி நாள் முழுக்க விமானம்போல் இரைகிறதா என்று கவனியுங்கள். இரைந்தால் அதன் கிளட்ச் இறுகிவிட்டது. அந்த இரைச்சல் முழுவதும் என்ஜினின் சக்திதான்.

கியர்பாக்ஸ்

ஆட்டோமேட்டிக் வண்டியில், என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்துவதால், அதில் எப்போதும் சிறிது வழுக்கல் உண்டு. நிலையான வேகத்தில் உள்ளிருக்கும் லாக்கப் கிளட்ச் பிடித்துக்கொண்டதும் அந்த வழுக்கல் நிற்கும். பழைய வண்டிகளில் இந்த லாக்கப் பிடிக்காமலே ஓடுவதை நிறையப் பார்க்கலாம். சோதனை எளிது: டிரெய்லர் இல்லாமல், பின்னால் வண்டி எதுவும் வராத சமதளச் சாலையில், டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தை நிலையாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை அசைக்காமல், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பெடலை இடது காலால் மிக மெல்லத் தொடுங்கள். ஆர்பிஎம் (நிமிடத்துக்கு என்ஜின் சுழலும் சுற்றுகள்) முள் சில நூறு எகிறி, காலை எடுத்ததும் திரும்பவும் இறங்கினால் லாக்கப் வேலை செய்கிறது. முள் அசையவே இல்லை என்றால் அது முதலிலேயே பிடித்திருக்கவில்லை. பல வண்டிகளில் என்ஜின் சூடாகும்வரை கணினி லாக்கப்பை அனுமதிக்காது. மேலே சொன்ன தெர்மோஸ்டாட் இங்கேயும் தன் வேலையைக் காட்டும்.

டிரெய்லர் இழுக்கும்போது ஓவர்டிரைவில் (என்ஜின் குறைந்த சுற்றில் ஓடும் உச்ச கியரில்) போட்டால் மைலேஜ் கூடும் என்பது பாதி உண்மை. சமதளத்தில் கியர் மாறாமல் நிற்குமானால் போடலாம். ஒவ்வொரு சிறு மேட்டுக்கும் கியர் இறங்குவதும் ஏறுவதுமாகத் தவித்தால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் லாக்கப் விடுபட்டு எண்ணெய் கொதிக்கும். அப்போது ஓவர்டிரைவை அணைத்து, ஒரு கியர் கீழே நிலையாக ஓட்டுவதே கியர்பாக்ஸுக்கும் டேங்குக்கும் நல்லது.

காற்றும் சரக்கும்

உயரமான பெட்டி டிரெய்லரோடு நெடுஞ்சாலை வேகத்தில் போகும்போது என்ஜினின் உழைப்பில் பெரும்பங்கு எடையை இழுப்பதற்குப் போவதில்லை, காற்றைப் பிளப்பதற்கே போகிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், 80 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 90-இல் 27 சதவீதமும், 100-இல் 56 சதவீதமும் அதிகமாகிறது. 80-இல் போகும் வண்டிக்கு மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால், காற்றைப் பொறுத்தவரை அது 100-இல் போவதற்குச் சமம். 90-இலிருந்து 80-க்கு இறங்கினால் 100 கிலோமீட்டர் பயணத்தில் கூடுதலாகப் பிடிக்கும் நேரம் சுமார் 8 நிமிடம்தான். இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாவற்றிலும் செலவே இல்லாமல் அதிகம் மிச்சப்படுத்துவது இந்த எட்டு நிமிடம்.

சரக்கைத் தாழ்வாக அடுக்குங்கள். கூரைக்கு மேலே தலைநீட்டும் ஒவ்வொரு பொருளும் செலவு. தார்ப்பாய் படபடக்காமல் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். பிக்கப்பின் பின்கதவைத் திறந்துபோட்டால் காற்று தடையின்றிப் போகும் என்று பலர் நம்பினாலும், மூடிய கதவுக்குப் பின்னால் தொட்டிக்குள் சுழலும் காற்றின் மீது மேற்காற்று வழுக்கிப் போவதால், மூடியே வைப்பதுதான் பொதுவாக நல்லது.

சரக்கின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் டிரெய்லர் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். ஹிட்ச் உருண்டையின் மேல் விழும் எடை டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். மைலேஜுக்கும் இதற்கும் தொடர்பு குறைவுதான். ஆனால் பின்பாரம் கூடினால் டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும்; நெளியும் டிரெய்லரோடு மைலேஜைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை.

ஓட்டும் முறை

வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 5 டன் என்று கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை பிரேக் பிடித்து முழுதாக நிறுத்தினால், டீசல் கணக்கில் ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் பிரேக்கில் சூடாகிக் கரைகிறது. அதே எடையை 100 மீட்டர் உயரம் ஏற்ற சுமார் 0.4 லிட்டர் வேண்டும். ஏற்றத்துக்குச் செலவானதில் ஒரு பகுதியை இறக்கத்தில் திரும்பப் பெறலாம். பிரேக்கில் போனது போனதுதான். ஆகவே முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே தாராளமாக இடம் விட்டு, சிவப்பு விளக்கைத் தொலைவிலேயே பார்த்துக் காலை எடுத்துவிடுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்தால் எரிபொருள் பாய்வதே நின்றுவிடும். இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு உருளவிடுவது ஆபத்து மட்டுமல்ல, மிச்சமும் இல்லை.

மேடேறும்போது வேகத்தைப் பிடித்துவைக்க முயலாதீர்கள். பெட்ரோல் என்ஜின் சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவில் எரிக்கும்; ஆக்சிலரேட்டரை அடியோடு மிதித்தால் கலவையை 12.5 வரை அடர்த்தியாக்கிவிடும். அந்தக் கூடுதல் பெட்ரோலில் பெரும்பகுதி முழுதாக எரிவதில்லை. பழைய பெட்ரோல் வண்டியில் ஒரு வேக்குவம் கேஜ் (என்ஜின் காற்றை உறிஞ்சும் இழுவிசையைப் பாதரச அங்குலத்தில் காட்டும் மானி) பொருத்தினால் இந்த எல்லை கண்ணுக்கே தெரியும்: நின்ற இடத்தில் ஓடும் நல்ல என்ஜின் 17 முதல் 21 அங்குலம் காட்டும், சுமை ஏற ஏற முள் விழும், 5, 6 அங்குலத்துக்குக் கீழே விழும்போது அடர்கலவை தொடங்குகிறது என்று கொள்ளலாம். முள் அங்கே வந்ததும் ஒரு கியர் இறக்கி, காலைச் சற்றே தளர்த்தி, வேகம் 10 கிலோமீட்டர் குறைந்தாலும் குறையட்டும் என்று ஏறுங்கள். மேடுபள்ளமான சாலையில் குரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

வாங்க வேண்டாதவையும், யோசித்து வாங்க வேண்டியதும்

எரிபொருள் குழாயில் கட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, காற்றைச் சுழற்றிவிடும் தகடு ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைப் பரிசீலித்து, மிகச் சிலவற்றில் மட்டுமே சிறிதளவு பலன் கண்டது. உயர் ஆக்டேன் பெட்ரோலும், சுமையில் என்ஜின் தட்டும் ஒலி எழுப்பினாலொழிய, வீண்.

யோசிக்கத் தகுந்த பெரிய செலவு ஒன்றுதான்: பின் அச்சின் பல்லிணை விகிதம், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற அதை ஓட்டும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற கணக்கு. 3.08 விகிதத்தோடு வந்த வண்டி கனத்த சுமையை டாப் கியரில் ஒருபோதும் இழுக்க முடியாமல் திணறினால், 3.73-க்கு மாற்றும்போது அதே வேகத்தில் ஆர்பிஎம் 21 சதவீதம் கூடி, கியர் நிலையாக நிற்கும். ஆனால் வெறும் வண்டியின் மைலேஜ் அதனால் குறையும். ஆகவே ஓடும் தூரத்தில் பாதிக்கு மேல் டிரெய்லரோடுதான் என்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியானால் முன் அச்சையும் அதே விகிதத்துக்கு மாற்றியாக வேண்டும், இல்லையேல் இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். வேகமானி கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கும் வகையாக இருந்தால் அதையும் திருத்தச் சொல்லுங்கள்; திருத்தாவிட்டால் அது தூரத்தைக் கூட்டியே எண்ணும், குறிப்பேட்டில் மைலேஜ் உயர்ந்ததுபோலத் தெரியும், டேங்க் மட்டும் பழையபடியே காலியாகும்.